மேலே உட்கார்ந்திருப்பவர்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்துக்கு வாய் கிடையாது; பழியைச் சுமந்துகொண்டு சும்மா இருந்துவிட்டது. குதிரைக்கு வாய் உண்டு. ஆனால் அந்த வாயில் நாம் ஒரு இரும்புத் துண்டைப் போட்டு வைத்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, சவாரி தெரியாதவர்கள் எல்லாரும் காலம் காலமாகக் குதிரையைத்தான் கோணல் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். சண்டி, முரடு, கள்ளன், சோம்பேறி என்று அந்தப் பிராணிக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டங்கள் கொஞ்சமல்ல. போதாததற்கு, குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று ஒரு பழமொழி வேறு. அதை முதலில் சொன்ன புண்ணியவான் தரையில் நின்றபடி சொன்னாரா, குதிரையிலிருந்து விழுந்து எழுந்து வேஷ்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாரா என்பது எனக்கு வெகுநாளையச் சந்தேகம்.

நான் எந்தக் கட்சி என்பது இதற்குள் தெரிந்திருக்கும். குதிரை நன்றாக நடக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது குதிரையை அல்ல; அதன்மேல் உட்கார்ந்திருப்பவரை. அவர் உட்காரும் விதம் திருந்தினால் குதிரையின் நடை திருந்துகிறது. இது தர்ம நியாயம் பேசுகிற பேச்சு அல்ல. எலும்பு, தசை, எடை சம்பந்தப்பட்ட விஷயம்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. வாள் வீச்சு, நீச்சல், குதிரைத் தாண்டல், துப்பாக்கி, ஓட்டம் என்று ஐந்து வித்தைகளைச் சேர்த்து அப்போது நடத்திய பென்டத்லான் போட்டி அது. ஜெர்மனியிலிருந்து வந்த பெண் அதுவரை எல்லாரையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் இருந்தாள். அந்தப் போட்டியில் அவரவர் குதிரையை அவரவர் கொண்டுவர முடியாமல் இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எது விழுந்ததோ அதில்தான் ஏற வேண்டியிருந்தது. பழகிக்கொள்ள இருபது நிமிஷம். அவளுக்கு விழுந்தது ‘ஸெயின்ட் பாய்’ என்ற குதிரை. அன்று ஏற்கெனவே வேறொருத்தியைச் சுமந்து, தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்ட குதிரை அது. இவள் ஏறினாள், அது பின்னால் நகர்ந்தது. இவள் அழுதாள், அது மிரண்டது. வேலி ஓரத்தில் நின்ற பயிற்சியாளர், சவுக்கால் அடி, நன்றாக அடி என்று கத்தியதோடு எட்டிக் குதிரையை ஒரு குத்தும் விட்டார். உலகம் பூராவும் பார்த்தது. முதலிடத்தில் இருந்தவள் சவாரியில் பூஜ்யம் வாங்கி எங்கேயோ பின்னால் போய்விட்டாள். பயிற்சியாளரை வெளியே அனுப்பினார்கள். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிடுவது என்று தீர்மானமும் ஆயிற்று.

மறுநாள் காப்பிக் கடையில் இரண்டு கட்சி. பாவம் அந்தப் பெண், நாலு வருஷ உழைப்பை ஒரு மிருகம் கெடுத்துவிட்டதே என்றது ஒன்று. குதிரையைக் குத்தியவளைக் குத்த வேண்டும் என்றது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரும்பை வாயில் வைத்து இழுக்கிறவரும் விலாவில் குதிகாலால் உதைக்கிறவரும் ஒருவராகவே இருந்தால், போ என்கிறாரா நில் என்கிறாரா என்று குதிரைக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு பேசுகிறானே, இவன் பெரிய ராவுத்தனோ என்று நினைக்க வேண்டாம். எனக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் ஒரு சிமெண்டு பெஞ்சியின் சம்பந்தம். என் பெண்ணுக்குப் பதிமூன்று வயதில் குதிரை ஏற வேண்டும் என்று ஆசை வந்தது. நாட்டியம், வீணை என்று ஆசைப்பட்டிருந்தால் தெருவிலேயே முடிந்திருக்கும். இதற்காகச் சென்னையைத் தாண்டி, கடற்கரைச் சாலையோரம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த ஒரு சவாரிப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் விடிவதற்குள் போக வேண்டியிருந்தது. அவள் மைதானத்துக்குள், நான் வெளியே பெஞ்சியில், ஒரு பிளாஸ்க் காப்பியோடு. இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்குச் சும்மா உட்கார்ந்து பார்ப்பது பழகின தொழில்தானே?

அங்கே சொல்லிக் கொடுத்தவர் ஜெய்ப்பூரில் இருக்கும் 61-வது குதிரைப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ரிசல்தார். அந்தப் படை இன்றும் குதிரையில் ஏறுகிற படை. உலகத்தில் அப்படி மிஞ்சியிருப்பவை மிகச் சில. ரிசல்தாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வில் மாதிரி வளைந்த கால். அவருடைய தமிழ் லாயத்துக் குதிரைக்காரர்களிடம் கற்ற தமிழ். இலக்கணம் இராது, ஆனால் குறி தப்பாது. என்னை ‘சாப்’ என்பார். என் பெண்ணை ‘பேட்டி’ என்பார்.

லாயத்தில் மோத்தி என்று ஒரு குதிரை இருந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் விரலளவு வெள்ளை. பந்தயத்தில் ஓடிக் கழிந்து வந்தது. பந்தயக் குதிரையின் தலையெழுத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மூன்று வயதில் ஓடத் தொடங்கி, ஆறு ஏழு வயதுக்குள் ஓட்டம் தீர்ந்துபோகும். ஆயுளோ இருபத்தைந்து வரை கிடக்கிறது. நடுவில் உள்ள காலத்துக்கு அதை யாராவது வைத்துத் தீனி போட வேண்டுமானால், அதன்மேல் சாதாரண மனிதர் ஏறும்படி இருக்க வேண்டும். மோத்தி அப்படி இல்லை. ஏறினால் தலையை ஆகாயத்தில் தூக்கிக்கொள்ளும். முதுகைப் பள்ளமாக்கிக்கொண்டு குறுகிய எட்டில் தடதடவென்று ஓடும். லகானை இழுத்தால் இன்னும் வேகமாக ஓடும். பந்தயத் திடலில் லகான் விறைத்தால் ஓடு என்று அர்த்தம். பாவம், அது கற்ற பாடம் அது. பள்ளிக்கூடத்துக்காரர், ஒரு பருவம் பார்ப்பது, சரிப்படாவிட்டால் தள்ளிவிடுவது என்று இருந்தார். தள்ளிவிட்ட குதிரை எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லியிருந்தாலும் காப்பி இறங்கியிருக்காது.

வாரத்தில் வந்து போகும் வாலிபர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாய்க்கு இன்னும் கடுமையான இரும்பு போடலாம் என்றார் ஒருவர். தலையைத் தூக்க முடியாதபடி வாரால் மார்போடு இழுத்துக் கட்டலாம் என்றார் இன்னொருவர். ரிசல்தார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, என் பெஞ்சியருகே வந்து பீடி பற்ற வைத்தார்.

“சாப், கயித்துக் கட்டில்லே படுத்திருக்கீங்களா?”

“சின்ன வயசில் படுத்திருக்கிறேன்.”

“நடுவிலே தொய்ஞ்சு போனா எங்கே இழுத்துக் கட்டுவீங்க? தலைமாட்டிலேயா?”

தலைமாட்டில் இல்லை. கால்மாட்டில்தான். கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் தனியாக ஒரு கயிறு வளைந்து வளைந்து ஓடும்; அதை இழுத்து முடிந்தால் நடுப் பள்ளம் தானாக எழும்பும். இந்த ஒரு வாக்கியத்தில் ரிசல்தார் குதிரையின் தேக சாஸ்திரம் முழுவதையும் சொல்லிவிட்டார் என்பது அப்புறம் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

குதிரையின் முதுகு மனிதனைச் சுமப்பதற்கென்று அமைந்ததல்ல. முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவே, பாலம் மாதிரி தொங்குகிறது முதுகெலும்பு. விலா எலும்புகள் இருபுறமும் பதினெட்டுப் பதினெட்டு. அந்தப் பாலத்துக்கு நடுவில்தான் நாம் சேணத்தைப் போட்டு ஏறுகிறோம். இன்னொரு விசேஷம்: நமக்கு இருக்கிற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. அதன் மார்புக் கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையில் வெறும் தசையாலும் நாராலும் ஊஞ்சல் போலக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. சும்மா நிற்கும்போதே எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு முன்கால்களின்மேல்தான். ஐந்நூறு கிலோ எடையுள்ள அந்த உடம்பின்மேல் எழுபது கிலோ மனிதர் ஒருவர் ஏறி, நடையோடு சேராமல் தொப் தொப்பென்று விழுந்து எழுந்தால் என்ன ஆகும்? அது ஓட்டநடை போடும்போது ஒவ்வோர் எட்டிலும் அவர் எடையைப் போல இரு மடங்கு அந்த முதுகில் இறங்குகிறது. குதிரை என்ன செய்யும்? வலிக்கிற இடத்தை நாம் உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி முதுகை உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதுகு பள்ளமானால் கழுத்து மேலே போகிறது, பின்கால்கள் வயிற்றுக்கு அடியில் வர இடமில்லாமல் பின்னாலேயே இழுபடுகின்றன, எட்டு குறுகுகிறது, பாரம் இன்னும் முன்கால்களில் விழுகிறது. இப்படியே சில வருஷம் ஓட்டினால் முதுகும் மூட்டுகளும் தேய்ந்து குதிரை நொண்டியாகிவிடும். அதற்குப் பிறகு, நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று அதன்மேலேயே இன்னொரு பழமொழி.

இதற்கு மாற்று, தலையைக் கீழே இழுப்பதல்ல. அது தலைமாட்டில் கட்டுகிற காரியம். பின்கால் வயிற்றுக்கடியில் நன்றாக வந்து ஊன்ற வேண்டும். அப்போது வயிற்றுத் தசை இறுகும். வில்லின் நாண் இறுகினால் வில் வளைவதுபோல் முதுகு மேலே எழும்பும். உச்சந்தலையிலிருந்து பிடரி வழியாக முதுகுவரை ஒரு பெரிய நார் ஓடுகிறது. கழுத்து முன்னே நீண்டு இறங்கினால் அந்த நார் இழுபட்டு முதுகைத் தூக்கிக் கொடுக்கும். தலை தானாக இறங்க வேண்டும். இறக்கப்பட்ட தலையும் இறங்கின தலையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். போட்டி நடத்துகிறவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். தாடை மார்பில் இடிக்கும்படி குதிரையின் கழுத்தை மடக்கி ஓட்டும் வழக்கம் ஐரோப்பாவில் பரவி, பெரும் கண்டனம் எழுந்த பிறகு, 2010-ம் ஆண்டில்தான் சர்வதேசக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம், பலவந்தமாக அப்படி மடக்குவது கூடாது என்று அறிவித்தது.

ரிசல்தார் முதல் காரியமாக மோத்தியின் பல்லையும் முதுகையும் சேணத்தையும் பார்த்தார். இதைச் சொல்லாமல் விட்டால் பிசகு. பல் முனை கன்னத்தில் குத்தினாலும், சேணம் தோளைக் கிள்ளினாலும் எந்தச் சவாரிக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பல்லை அரம் போட வேண்டியிருந்தது. பிறகு அவரே ஏறினார்.

அவர் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தால் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தோன்றும். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேர்கோட்டில். முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை லகான் இன்னொரு நேர்கோடு. கை அசையாமல் இருப்பதாகத் தோன்றுகிறதே, உண்மையில் அது அசைந்துகொண்டே இருக்கிறது. குதிரையின் தலை போகிற அளவு போய் வருகிற அளவு வருகிறது, அதனால் வாய்க்கு அசையாத கையாகிறது. நல்ல மிருதங்கக்காரர் பாட்டைத் தள்ளவும் மாட்டார், இழுக்கவும் மாட்டார் அல்லவா, அந்த மாதிரி. கடிவாள இரும்பு கிடப்பது முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளியில். எலும்பின்மேல் மெல்லிய தோல் மட்டும் போர்த்த இடம். அங்கே சுண்டினால் எப்படி இருக்கும் என்று நம் ஈற்றில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தால் தெரியும்.

முதல் வாரங்களில் அவர் மோத்தியைப் பெரிய பெரிய வட்டங்களாக நடத்தினார், அவ்வளவுதான். உள்பக்கக் காலால் மெதுவாக விலாவைத் தொடுவார். அது உள் பின்காலை ஓர் அங்குலம் அதிகமாக வைத்தவுடன் தொடுவதை நிறுத்திவிடுவார். விரலை மூடி லகானில் ஒரு கேள்வி கேட்பார். குதிரை தாடையைத் தளர்த்தியதும் விரலைத் திறந்துவிடுவார். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தில் அல்ல, அழுத்தம் விடுபடும் அந்த நொடியில்தான். நொடி தப்பினால் பாடம் தப்பு. வாலிபர்களுக்குப் பொறுமை இல்லை. “என்ன ரிசல்தார் ஸார், நடந்துகொண்டே இருக்கிறீர்களே” என்று கேட்டார்கள்.

“கர்ஜ் இருக்குது” என்றார் அவர். கடன் இருக்கிறதாம். வேறு யாரோ வாங்கின கடனை வட்டியோடு அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

எனக்கு அதில் ஒரு பொழுதுபோக்குக் கிடைத்தது. நடக்கும்போது குதிரையின் பின்குளம்பு எங்கே விழுகிறது என்று மணலில் பார்ப்பது. முதல் ஞாயிறு மோத்தியின் பின்குளம்புத் தடம் முன்குளம்புத் தடத்தை எட்டாமல் நாலு விரல் பின்தங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கெல்லாம் தடத்தின்மேல் தடம் விழுந்தது. மழைக்காலம் கழிந்து தை பிறந்தபோது முன்தடத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஐம்பது வயதை எட்டப் போகிறவன் குந்தி உட்கார்ந்து மணலில் சாண் போட்டு அளப்பதைப் பார்த்து என் பெண், “அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க” என்று கூசினாள். மற்ற மாறுதல்களுக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. விறைத்திருந்த வால் நடைக்கு இசைந்து இருபுறமும் ஆடத் தொடங்கியது. வாயோரத்தில் கொஞ்சம் நுரை. ஓட்டநடையில் மூக்கைச் சீந்துகிற மாதிரி நீளமாக ஒரு மூச்சு விடும்; அது நிம்மதியின் அடையாளம் என்றார் ரிசல்தார். தோளுக்குப் பின்னால் குழி விழுந்து கிடந்த இடங்களில் சதை பிடித்து, பழைய சேணம் பொருந்தாமல் போய், பஞ்சைப் பிரித்துத் திருப்பி அடைக்க வேண்டி வந்தது. பள்ளிக்கூடத்துக்காரர் அந்தச் செலவுக்கு முணுமுணுத்தார். ஆனால் தள்ளிவிடுகிற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இந்த நாளெல்லாம் என் பெண் என்ன செய்தாள் என்றால், வேறொரு கிழட்டுக் குதிரையின்மேல், அங்கவடி இல்லாமல், லகானும் இல்லாமல், நீளக் கயிற்றின் நுனியில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கயிற்றை ரிசல்தார் பிடித்திருப்பார். இவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதுகு போகிற போக்கில் போகப் பழக வேண்டும். பணம் கட்டியது இதற்கா என்று எனக்கே தோன்றியது உண்டு. இதுதான் ராஜ மார்க்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வியன்னாவில் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. ஆறாம் சார்லஸ் சக்கரவர்த்தி கட்டுவித்த, 1735-ல் முடிந்த வெள்ளை மண்டபத்தில் இன்றும் நடக்கிறது. அங்கே சேரும் பையன்களும் (2008 முதல் பெண்களும்) இப்படித்தான் மாதக்கணக்கில் கயிற்றில் சுற்ற வேண்டும். கிழக்குதிரை இளம் சிஷ்யனுக்கு ஆசிரியர். தேர்ந்த சவாரிக்காரர் இளம் குதிரைக்கு ஆசிரியர். இரண்டு கற்றுக்குட்டிகளை ஒன்றாகச் சேர்ப்பதில்லை. சவாரிக்காரரின் அங்கியின் பின்பக்க மடிப்பில் சர்க்கரைக் கட்டிக்கென்று ஒரு ரகசியப் பை உண்டாம். அந்த வெள்ளைக் குதிரைகள் இருபது வயதைத் தாண்டியும் அரங்கில் வேலை செய்கின்றன.  அங்கே இன்றும் வேதம் மாதிரிக் கொண்டாடும் புத்தகம், கெரினியேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1733-ல் வெளியிட்டது. தோளை உள்ளே கொண்டுவந்து, குதிரையைக் கொஞ்சம் வளைத்துச் சாய்வாக நடத்தி, உள் பின்காலை வயிற்றுக்கடியில் குறுக்கே எடுத்து வைக்கச் செய்யும் பயிற்சியை அவர் அதில் வகுத்துச் சொல்லியிருக்கிறார். ரிசல்தார் சவுக்குத் தோப்பின் ஓரமாக மோத்தியை நடத்திக்கொண்டிருந்தது அதுதான். கெரினியேர் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வித்தை எப்படியோ கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது.

பலவந்தம் பயன்படாது என்பதை இவர்களுக்கு எல்லாம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, சாக்ரடீஸின் சிஷ்யரான ஸெனபன் எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததால் யார் கேட்டார்கள்? உலகத்து ராணுவங்கள் எல்லாம் குதிரையை இழுத்தும் உதைத்தும்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. அந்த ராணுவங்களுக்குள்ளேயே ஒரு மனிதர் தோன்றினார். அவர் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

இத்தாலியக் குதிரைப் படையில் கப்ரில்லி என்று ஓர் அதிகாரி. 1868-ல் பிறந்தவர். அவர் காலத்தில் குதிரை வேலியைத் தாண்டும்போது சவாரிக்காரர் பின்னால் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னே நீட்டி, லகானைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது சட்டம். முன்கால் தரையில் இறங்கும்போது முறிந்துபோகாமல் பின்பக்கமாகப் பாரத்தை வைக்க வேண்டும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கப்ரில்லி செய்தது, யாருக்கும் தோன்றாத மிக எளிய காரியம். சேணத்தைக் கழற்றிவிட்டு, மனிதன் இல்லாமல் குதிரை எப்படித் தாண்டுகிறது என்று பார்த்தார். அது கழுத்தை நன்றாக முன்னே நீட்டுகிறது, முதுகை வளைக்கிறது, முன்காலிலேயே இறங்குகிறது, ஒன்றும் முறியவில்லை. மேலே ஆள் ஏறியதும் அதே குதிரை கழுத்தை நீட்ட முடியாமல் வாய் இழுபட்டு, முதுகில் அடி விழுந்து, அடுத்த தடவை வேலியைப் பார்த்தாலே நின்றுவிடுகிறது. இதற்குச் சண்டித்தனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கப்ரில்லி அங்கவடியைக் குட்டையாக்கினார். உடம்பை முன்னே சாய்த்து முதுகிலிருந்து தூக்கிக்கொள்ளச் சொன்னார். கை குதிரையின் வாயோடு போகட்டும் என்றார். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவர் எழுதியதும் அதிகமில்லை. 1901-ல் ஒரு குதிரைப்படைப் பத்திரிகையில் வெளிவந்ததுதான் முக்கியம். ஆனால் 1902-ல் டூரின் நகரில் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான தடையை அவர் குதிரையோடு தாண்டிக் காட்டியபோது வாதம் செய்ய யாரும் மிஞ்சவில்லை. பினரோலோவில் இருந்த படைப் பள்ளிக்கு வெளி நாட்டு அதிகாரிகள் இந்த வித்தை கற்க வந்தார்கள். இன்று உலகத்தில் எங்கே குதிரை வேலி தாண்டினாலும் மேலே இருப்பவர் உட்காருகிற விதம் அவர் சொன்ன விதத்திலிருந்து வந்ததுதான். அவர் 1907-ல், முப்பத்தொன்பதாவது வயதில், குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வேலி தாண்டும்போதல்ல, சாதாரணச் சவாரியில்.

கப்ரில்லியின் கதையை நான் பெஞ்சியில் இருந்த இன்னொரு தகப்பனாரிடம் சொன்னேன். அவர் பொறியாளர். “அதெல்லாம் சரி ஸார், கடைசியில் கால் பலம்தானே? காலால் இறுக்கிப் பிடிக்கிறவன் சொன்னபடி குதிரை கேட்கிறது” என்றார். இப்படி நினைப்பவர்கள் அநேகம். அவருக்கு நான் சொன்ன பதில் டென்மார்க் தேசத்து ஒரு பெண்மணியைப் பற்றியது.

லிஸ் ஹார்டல் 1921-ல் பிறந்தவர். குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் என்ற வித்தையில் இருபத்திரண்டு வயதுக்குள் தம் நாட்டில் முதலிடம் பெற்றவர். 1944 செப்டம்பரில், வயிற்றில் இரண்டாவது குழந்தை இருக்கும்போது, இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்குக் கையைத் தூக்கவே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பிறகு தவழ்ந்தார், பிறகு ஊன்றுகோல். முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவே இல்லை. டாக்டர்கள் ஊன்றுகோலே பெரிது என்றார்கள். அவர் தம்மைத் தூக்கிக் குதிரைமேல் வைக்கச் சொன்னார்.

ஆரம்பத்தில் பலமுறை விழுந்தார். காலால் சைகை செய்ய வழியில்லை. இறுக்குவதற்குக் காலே இல்லை. மிச்சமிருந்தது இடுப்பும் முதுகும் எடையும்தான். ஜூபிலி என்ற அவருடைய குதிரை, அந்த எடை ஒரு மயிரிழை நகர்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. உதைக்கவும் இறுக்கவும் முடியாத ஒருவர் மேலே இருந்தால், அவர் சொல்வது குதிரைக்குப் புரிய ஒரே வழி, அவர் சொல்லாத நேரத்தில் முழு மௌனமாக இருப்பது. முதுகில் அனாவசியமான ஓர் அசைவு கூடாது. வியன்னாவில் கயிற்றில் சுற்றிச் சுற்றிப் பத்து வருஷம் தேடுகிற பொருள் அதுதான். ஹார்டலுக்கு அதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை.

அந்தக் காலத்தில் ஒலிம்பிக் டிரஸ்ஸாஜ் போட்டி ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. எவ்வளவு கண்டிப்பு என்றால், 1948-ல் லண்டனில் முதற்பரிசு வாங்கிய ஸ்வீடன் குழுவில் ஒருவர் உண்மையில் ஸார்ஜெண்டுதான், அதிகாரி அல்ல என்று பிற்பாடு தெரிந்ததும் பரிசையே பறித்துவிட்டார்கள். அவர் குதிரையை நடத்தியதில் குற்றம் கண்டவர்கள் யாருமில்லை. குற்றம் எல்லாம் தோளில் இருந்த பட்டையில். 1952 ஹெல்சிங்கியில்தான் அதிகாரி அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் முதன் முதலாக வழி விட்டார்கள். ஹார்டல் வந்தார். குதிரையில் ஏற்றிவிட ஆள் வேண்டும். இறக்கிவிடவும் ஆள் வேண்டும். நடுவில் இருந்த சில நிமிஷங்களில் ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டு இரண்டாவது இடம் பெற்றார். பரிசு மேடைக்கு அவரைத் தாங்கி அழைத்துப் போனவர், முதற்பரிசு பெற்ற ஸ்வீடன் அதிகாரி ஸான் ஸிர்.

பொறியாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அதே குதிரையை வேறு யாராவது ஓட்டியிருந்தால்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். மைதானத்தில் அன்று என் பெண் முதல் தடவையாக மோத்தியின்மேல் இருந்தாள். அது இரண்டு சுற்றுத் தலையைத் தூக்கிற்று. மூன்றாவது சுற்றில் இறக்கிற்று. ரிசல்தார் நடுவில் நின்றுகொண்டு, “பேட்டி, ஒண்ணும் செய்யாதே, ஒண்ணும் செய்யாதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஹார்டல் 1956-லும் போட்டியிட்டார். அந்த ஆண்டு ஒலிம்பிக் மெல்போர்னில். ஆனால் வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் இடம் கொடுக்காததால், குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். முதற்பரிசு மறுபடியும் ஸான் ஸிருக்கு. இரண்டாவது மறுபடியும் ஹார்டலுக்கு. குதிரை, ஜூபிலிதான்.